கடைசியாகத் திறந்த டேப்

"அம்மா, இத்தனை டேப் திறந்து வெச்சிருக்கியே, நீ எதுல இருக்கேன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

ஆறு வயது இஸ்ஸா ஒருமுறை இப்படிக் கேட்டாள். கிளெண்டா அப்போது பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஒரு மருத்துவமனைக்கு மருந்து பதியும் இணையதளம் எழுதிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் அதுக்குத் தெரியும். நீ கஞ்சியக் குடி" என்று சொல்லிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் இஸ்ஸாவுக்கு டெங்கு வந்தது. அதே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். மின்சாரம் போன மதியங்களில் நெனித்தா என்ற நர்ஸ், தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து, மருந்துப் பெட்டி அட்டையை மடித்துக் குழந்தைக்கு விசிறினார். நன்றி சொல்லக் கிளெண்டா தேடிப் போனபோது அவர் வேலை முடிந்து போயிருந்தார்.

மறு ஆண்டு, தளம் மெதுவாக இருக்கிறதென்று வார்டிலிருந்து புகார் வந்தது. கிளெண்டா நேரில் போனாள். மேசைக்குப் பின்னால் நெனித்தா இருந்தார். அவருக்கு இவளை நினைவில்லை.

"நீதான் இதச் செஞ்சவளா, இண்டாய்? ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள நான் ஒரு ஜெபமாலையே முடிச்சிடறேன்."

"அதுல எனக்கும் கொஞ்சம் வேண்டிக்கோங்க, மனாங்." அங்கே மூத்தவளை மனாங் என்பார்கள், இளையவளை இண்டாய்.

"உனக்கு ஒரு மாலை பத்தாதும்மா."

கிளெண்டா சிரித்தபடி திரையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மேல் விளிம்பு முழுக்க டேப்கள். படுக்கைக்கு ஒன்று.

"எல்லாரையும் ஒண்ணா திறந்து வெச்சிருக்கீங்களே?"

"பின்ன? ஒவ்வொருத்தரா திறந்தா பொழுதே போயிடும். காலையிலயே திறந்து போட்டுடுவோம். எல்லா வார்டுலயும் இதான்."

அலுவலகத்தில் கிளெண்டா ஒரே டேப்பில்தான் சோதித்திருந்தாள். தளம் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்; கடைசியாகத் திறந்தவரை. அந்த நிரல் வரியை எழுதியவள் அவளே.

நெனித்தா மூன்றாம் படுக்கைப் பெரியவரின் டேப்புக்குப் போய் இன்சுலின் அளவைத் தட்டினார். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. யாருக்கு என்று அது சொல்லவில்லை.

"மனாங், கடைசியா யாரைத் திறந்தீங்க?"

"ஏழாம் படுக்கை. கால் ஒடிஞ்ச பொண்ணு. இன்னிக்கு ஆபரேஷன், பச்சத் தண்ணிகூடக் குடுக்கல. ஏன்?"

"அவங்க பக்கத்தை மறுபடி திறங்க."

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவு ஏறியதுமே மருந்து தயாராகும் பக்கத்து அறை மருந்தகத்திலிருந்து யாரோ ஒரு தட்டோடு வெளியே வந்து வார்டுக்குள் போனார்கள். வட்டம் இன்னும் சுற்றியது. பிறகு பக்கம் திறந்தது. சர்க்கரை நோயே இல்லாத, வெறும் வயிற்றோடு தூங்கும் பெண்ணின் பெயருக்குக் கீழே, பெரியவரின் இன்சுலின்.

நெனித்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். கிளெண்டா பின்னாலேயே ஓடினாள்.

ஏழாம் படுக்கையருகே ஒரு நர்ஸ், ஊசியில் ஒட்டிய பெயரையும் பெண்ணின் மணிக்கட்டுப் பட்டையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் பொருந்தியது. எண்ணும் பொருந்தியது. எல்லாம் சரியாக இருந்தது.

"ஊசியக் கீழ வை" என்றார் நெனித்தா, மெல்ல. "கேள்வி அப்புறம் கேளு. முதல்ல வை."

பெண் தூக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளெண்டா சிலுவையிட்டுக்கொண்டாள். இதற்கு முன் எத்தனை காலைகள் இப்படிப் போயின என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

மறுநாள் நிர்வாகம் முடிவுக்கு வந்துவிட்டது: ஒரே நேரத்தில் பலரைத் திறந்து வைத்தது நர்ஸின் கவனக்குறைவு. எச்சரிக்கை போட்டால் நெனித்தாவின் பதவி உயர்வு போய்விடும். கிளெண்டாவிடம் தொழில்நுட்ப அறிக்கை மட்டும் கேட்டார்கள். அவள் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

மாலைச் சிற்றுண்டியான மெரியெண்டா தின்ன எல்லோரும் கீழே இறங்கியபின் அவள் எழுத உட்கார்ந்தாள். மனிதர்கள் பல டேப்கள் திறப்பார்கள். தளம்தான் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒவ்வொரு டேப்பும் தன் நோயாளியின் அடையாளத்தைக் கடைசிவரை சுமக்க வேண்டும். சேமித்தால் யாருக்கென்று சொல்ல வேண்டும். பெயர் மாறினால் சேமிக்க மறுக்க வேண்டும். இது எதையும் நான் செய்யவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

சன்னலை மழை தட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை படித்துப் பார்த்து, அனுப்பினாள். அந்த அறிக்கையில் நெனித்தாவின் பெயர் எங்குமே இல்லை.