நேரத்துக்குள் முடித்தாரா: ஆம் / இல்லை

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் ஏழாம் பக்கத்தில் பிறந்தது. வேறு கௌரவமான பிறப்பிடம் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

என் சித்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றிக் கட்டி, நீராவி மிஷினில் கிருமி நீக்கும் அறையில் பத்தொன்பது வருஷம். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து சான்றிதழ் இல்லாதவர்கள் அந்த அறைக்குள் நுழையக் கூடாது, போர்வை மடிக்கும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. சித்தியிடம் சான்றிதழ் இல்லை.

(எங்கள் நாட்டில் அறிவுக்கு எட்டுப் படிகள். எட்டாவதில் முனைவர்கள் நிற்கிறார்கள். ஐந்தாவதில் நான் ஏறிக்கொண்டிருக்கிறேன். மூன்று பாடம் அரியர், படிக்கட்டு அதைக் கண்டுகொள்வதில்லை. சித்தி படிக்கட்டிலேயே கிடையாது.)

அவளை மூன்றாம் படியில் ஏற்றிவிட அரசாங்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. பெயர், முன்கற்றல் அங்கீகாரம். அதாவது உங்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியும் என்று, அது தெரியாத ஓர் அலுவலகம் எழுதித் தருவது. அதற்கு ஒரு செய்முறைத் தேர்வு, ஒரு படிவம். ஏழாம் பக்கத்தில்: 'உங்கள் அனுபவத்தை அறுநூறு சொற்களுக்குள் விவரிக்கவும்.'

"நீதான் காலேஜ் பத்திரிகைல என்னமோ கிறுக்கறியே, இதையும் கிறுக்கிக் குடு" என்றாள் சித்தி.

2

முதல் வரைவு:

நீராவிக்கும் மௌனத்துக்கும் நடுவே ஒரு பெண்

"எந்த மௌனம்டா? அந்த மிஷின் போடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவ பேசறதே கேக்காது."

இரண்டாவது வரைவு:

கத்தரிக்கோல்கள் அவளிடம் ரகசியம் பேசும். ஒவ்வொரு கத்தரிக்கோலுக்கும்

"கத்தரிக்கோல் பேசினா நான் வேற டாக்டரைத்தான் பாக்கணும்."

மூன்றாவது வரைவில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். 'கழுவுவேன். பார்ப்பேன். சரியில்லையென்றால் திரும்பக் கழுவுவேன்.' மொத்தம் ஐந்து சொல். மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்தை நான் எங்கே போய்ப் பொறுக்குவது?*

* 'இத்திறனைக் கற்ற தேதி' என்று ஒரு கட்டமும் இருந்தது. "உனக்கு சைக்கிள் ஓட்ட வந்த தேதி சொல்லு பாப்போம்" என்றாள். அதைக் காலியாக விட்டோம்.

3

தேர்வு சித்தியின் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. அந்த அறையில் நான் இல்லை. சித்தி இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் ஒரு சொல் மாறவில்லை. கீழே வரும் பேச்சில் என் கைவரிசை எதுவும் கிடையாது. அதனால்தான் உருப்படியாக இருக்கிறது.

மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். அன்றைக்கு ஆறு பேரைப் பார்த்தாக வேண்டும் என்பதால் மிஷினில் துணி உலரும் நேரத்தைக் குறைத்து வைத்திருந்தார். சித்தி கருவிப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். அடியைத் தொட்டாள். அப்படியே தனியாக வைத்தாள்.

"அலமாரில வெச்சுடுங்கக்கா. முடிஞ்சுது."

"ஈரமா இருக்கு சார். ஈரத்துல கிருமி உள்ள போயிடும். பிரிச்சு, வேற துணில கட்டி, மறுபடி போடணும்."

"அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கு எட்டு நிமிஷம்தான் இருக்கு."

"ஆமா, பத்தாது."

"அக்கா, இது பரீட்சை. இதை யாருக்கும் பிரிக்கப் போறதில்ல."

"'ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தர் படுத்திருக்காரு, இது அவருக்குன்னு நினைச்சுக்கோங்க'ன்னு நீங்கதானே சார் ஆரம்பத்துல சொன்னீங்க?"

"சொன்னேன்."

"நினைச்சுக்கிட்டேன்."

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். கதை எழுதுகிறவன் என்று திரிகிறவன் நான். கற்பனையை நம்பி வேலையைப் பணயம் வைத்தது அவள்.)

கம்ப்யூட்டரில் ஒரே கேள்வி: நேரத்துக்குள் முடித்தாரா? 'ஆம்' அல்லது 'இல்லை' அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். 'இல்லை' அழுத்தினார். 'இன்னும் தகுதி பெறவில்லை' என்று வந்தது. "மேல்முறையீடு போடுங்கக்கா, நடந்ததை நானும் எழுதித் தரேன்" என்று அவரே சொன்னாராம்.

4

இனி முடிவு. மூன்று தயாரித்தேன்.

அ) அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரித் தலைவர் உள்ளே வருகிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு

"அவர் அந்த மாடிக்கு வந்ததே இல்லடா."

ஆ) மதிப்பீட்டாளரின் கண்கள் கலங்க

"அவருக்கு ஏற்கெனவே சளி. வேற எழுது."

இ) ஒன்றாம் தேதி சித்தி போர்வைப் பிரிவுக்குப் போகிறாள். மடிப்பு முனையைப் பிடித்து

சித்தி தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ போடப் போனாள். நானும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

5

மேல்முறையீட்டுக் குழு கூடுவது அதே ஒன்றாம் தேதி காலையில். மூன்று பேர். இரண்டு பேரை நானே எழுதிவிட்டேன். முதலாமவர், "விதின்னா விதிதான். எட்டு நிமிஷம் பாக்கி இருந்தும் முடிக்கல" என்கிறார். இரண்டாமவர், "அந்த ஈரப் பொட்டலத்தை அலமாரில வெச்சிருந்தா நேரத்துக்குள்ள முடிச்சிருப்பாங்க. அப்போ பாஸ் போட்டிருப்போம். என் ஓட்டு அவங்களுக்குத்தான்" என்கிறார். முதலாமவருக்குக் கோபம். ஒன்றுக்கு ஒன்று, சமம்.

மூன்றாமவரை எழுத எனக்குத் தகுதி இல்லை. சித்தியின் அக்கா மகன் நான், வேண்டியவன். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். கால் கொஞ்சம் ஆடும், அரசாங்க நாற்காலி. படிவம் மேஜைமேல் இருக்கிறது.

சித்தி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். "மெதுவா யோசிக்கட்டும்" என்கிறாள். இரண்டு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். எந்த அறைக்கு என்றுதான் தெரியவில்லை.