அழகம்மா வீட்டில் பொழுது இறங்கவில்லை

ஜூன் எட்டாம் தேதியிலிருந்து, மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் பழைய தோட்டத்து வரிசை வீடுகளில், அழகம்மா வீட்டுக்கு மேலே மட்டும் பொழுது இறங்கவில்லை. அக்கம்பக்கத்தில் வழக்கம்போல ஏழரைக்கு இருட்டியது. இவள் வீட்டில் சாயங்கால வெயில் வாசல் கேட் வரை வந்து அப்படியே நின்றுகொண்டது. முதல் வாரம் சனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மின்சாரக்காரர்கள் இரண்டு பேர் வந்து மீட்டரைப் பார்த்து, கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கோழிகள் அடைய இருட்டில்லாமல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. அதற்குப் பிறகு எல்லோரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அழகம்மாவின் மகன் வசந்தன் நார்வே நாட்டின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வீடியோ காலில் விஷயத்தைச் சொன்னாள். “இங்கயும் அப்படித்தாம்மா. பூமி நேரா நிக்காம ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே சுத்துது. கோடையில அதோட வடக்குத் தலை சூரியன் பக்கம் சாஞ்சிருக்கும். எவ்வளவு சுத்தினாலும் இந்த இடம் நிழலுக்குள்ள போகாது. அதான் ராத்திரியே இல்ல” என்றான். “அப்ப நம்ம வீட்டுல ஏன்டா?” “அங்க நடக்கவே நடக்காதும்மா, பூமியோட நடுக்கோட்டுப் பக்கம் லா அது.” அவன் குழம்பிப்போய்ப் போனை வைத்தான். அழகம்மாவுக்குக் குழப்பமே இல்லை. காரணம் தெரிந்தவர்கள் அந்த வரிசையில் இரண்டே பேர்தான், அவளும் பக்கத்து வீட்டு மருதம்மாளும்.

சங்கதி இதுதான். மருதம்மாள் தன் மகளுக்குக் காது குத்தினாள். ஒரு சுவர் தள்ளி இருக்கிறவளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பினாள். அழகம்மா விசேஷத்துக்குப் போகவில்லை, பேச்சையும் நிறுத்திவிட்டாள். எட்டாம் தேதி மருதம்மாள் புருஷன் தர்மலிங்கத்துக்கு வாந்தியும் பேதியும். சீனித் தண்ணீரில் கலக்க வீட்டில் உப்பு இல்லை. தலைவிரிகோலமாக ஓடிவந்து, “அக்கா, ஒரு கை உப்பு” என்றாள் மருதம்மாள். மணி ஆறரை, வெயில் பளிச்சென்று அடிக்கிறது. அழகம்மா நிதானமாக உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, “விளக்கு வச்சாச்சு மருது. வச்ச பிறகு உப்பு குடுக்கக் கூடாது, தெரியும்தானே” என்றாள். மருதம்மாள் வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அப்படியே கடைப் பக்கம் ஓடினாள். அவள் உப்போடு வருவதற்குள் தர்மலிங்கம் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. ஏழு தையல்.

அவனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. வேலைக்குப் போகும்போது அந்த ஏழு தையலோடு கேட்டருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அக்கா, பசியாறிட்டீங்களா?” என்று தினமும் கேட்பான். அழகம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசும். சீ, நானும் ஒரு மனுஷியா என்று அடுப்படியில் தலையில் அடித்துக்கொள்வாள். இருட்டில் முகம் தெரியாமல் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம்தான், ஆனால் இருட்டினால்தானே! எப்போது கேட்டைத் திறந்தாலும் வெளிச்சத்தில் தெருவே அவளைப் பார்த்தது. இப்படியே இரண்டு மாதம் போனது.

ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மருதம்மாள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “அன்னிக்கு அது விளக்கு வைக்கிற நேரமே இல்ல மருது. வேணும்னுதான் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்கவே வெக்கமா இருக்கு” என்று டப்பாவை நீட்டினாள்.

மருதம்மாள் வாங்கவில்லை. “விளக்கு வச்சாச்சுக்கா” என்றாள்.

அழகம்மா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. மருதம்மாள் அவளைத் தாண்டிப் போய், கேட்டைத் திறந்து, வெயிலில் நின்று முந்தானையை ஏந்தினாள். “உங்க வீட்லதான் இன்னும் பொழுது இறங்கலையே. இங்க போடுங்க.”

வெயில் அதற்குப் பிறகும் இறங்கவில்லை. விளக்கு வைத்த பிறகு உப்போ ஊசியோ தயிரோ தேவைப்பட்டால் வரிசைக்காரர்கள் இப்போது அழகம்மா வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அவளும் கேட்டதற்கு மேலேயே கொடுத்து அனுப்புகிறாள். தர்மலிங்கம் வரும்போது மட்டும், அவன் நெற்றியைப் பார்க்காமல், டப்பாவையே பார்த்துக்கொண்டு கொடுக்கிறாள்.