கூட்ஸ் வண்டிக்கு அந்தப் பக்கம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் ஒரு டப்பா ஐஸ்கிரீம். ஆகஸ்ட் மாதச் சாயங்காலம், கடையில் அதை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்து வந்தேன். தானியம் சேர்த்துவைக்கும் கோபுரத்துக்குப் பக்கத்து ரயில்வே கேட் என் மூக்குக்கு நேரே இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் கேட் மூடினால் மூடியதுதான். கூட்ஸ் வண்டி ஒரு மைலுக்குக் குறையாது. சில நாள் இரண்டு மைல். என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கொசுவுக்கு ரத்ததானம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் பக்கம், புல்மேட்டில், கேமராவோடு ஒரு பெண் நின்றாள். பத்தொன்பது இருக்கும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கோபுரத்தின் அடியில், ஒரு பையன். அவன் கையில் ஒரு கழி, கழி நுனியில் ரோமம் போர்த்திய மைக். இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. கோடை வந்தால் ரயில் பைத்தியங்களும் வந்துவிடும். நான் ஐஸ்கிரீமைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. பையன் மறைந்தான். என்ஜின்கள் போய்ப் பத்துப் பெட்டி கடந்திருக்கும். அந்தப் பெண் கேமராவை இறக்கினாள். இறக்கிவிட்டு, ஓடுகிற ரயிலைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள்.

அவளுக்கும் எனக்கும் நடுவே இருபதடிதான். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. முதலில் பைத்தியமோ என்று நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ரொம்ப நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிற முகம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து, "என்ன இது, பாயசமா?" என்றார். நான் மாடிக்குப் போய் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

தொடக்கம் ஒன்று: "தண்டவாளங்கள் என்றைக்கும் ஒன்றுசேராத இரு—"

வேண்டாம். தண்டவாளம் சேராது என்று எழுதாத ஆளே கிடையாது. சேர்ந்தால் வண்டி கவிழ்ந்துவிடும், அதனால் சேரவில்லை. இதில் என்ன சோகம்?

தொடக்கம் இரண்டு: "ஜோஸிக்கு அந்தக் கோடை முழுவதும் நெஞ்சுக்குள் ஒரு ரயில்—"

சீ.

தொடக்கம் மூன்று: "திங்கட்கிழமை எம்மெட் ஊரைவிட்டுப் போகிறான். இன்று சனிக்கிழமை. ஜோஸி இன்னும் சொல்லவில்லை."

இது இருக்கட்டும். அலங்காரம் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. (பெயர்கள் நான் வைத்தவை. உண்மைப் பெயர் தெரியாது. ஊரில் யாரையாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள்; கேட்டால் கதை செத்துவிடும்.)

3.

பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் தொடங்கிய சிநேகிதம். ஆறு கோடையாக இருவரும் சேர்ந்தே ரயில் பார்க்கிறார்கள். அவன் அப்பாவின் பழைய பிக்கப் வண்டி, பெட்ரோல் பங்கில் வாங்கிய ஹாட்டாக், ஐஸ் பெட்டியில் ரூட் பீர் என்கிற இனிப்புச் சோடா, சிக்னல் பேச்சை ஒட்டுக்கேட்க ஒரு கையடக்க ரேடியோ. அவளுக்குப் படம். அவனுக்குச் சத்தம். படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், சத்தத்தை யார் எடுக்கிறார்கள் என்பான்.

(டஸ்டின் என்று மூன்றாவதாக ஒரு நண்பனை வைத்திருந்தேன். வாயாடி. இரண்டு பக்கம் அவனே பேசினான். கதையிலிருந்து அனுப்பிவிட்டேன். அவனுடைய மடக்கு நாற்காலி மட்டும் இருக்கட்டும். ஜோஸிக்குக் கால் வலிக்கும்.)

எம்மெட்டிடம் ஒரே சட்டம்தான். மைக் ஓடும்போது யாரும் பேசக் கூடாது. தூரத்தில் ஹார்ன் கேட்டதிலிருந்து, வண்டி போய், கடைசிச் சத்தமும் அடங்கும்வரை.

"மூச்சுகூடச் சத்தமா விடாத, புரியுதா?"

"மூச்சு விடலன்னா செத்துருவேன்டா."

"வண்டி போனப்புறம் சாவு."

மூன்றாவது கோடையில் ஒரு நாள், வண்டி பாதி கடக்கும்போது அவள் கழுத்தில் குளவி கொட்டிவிட்டது. ஜோஸி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். எண்பது பெட்டி போனது. கடைசிச் சத்தமும் அடங்கியது. அவன் மைக்கை அணைத்துவிட்டு, "அட்டகாசம்!" என்று திரும்பினான். அப்போதுதான் பார்த்தான்.

"அடிப்பாவி! கத்தியிருக்கலாம்ல?"

"நீதான மூச்சுகூட விடாதன்ன?"

"லூசு! லூசு! குளவி கொட்டினா கத்தலாம்!"

"இத முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. அவன் ஐஸ் பெட்டியையே கவிழ்த்து அவள் கழுத்தில் ஐஸ் வைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், பிறகு மறந்துவிடுவேன். ஆறு கோடையாக அவன் எடுத்த பதிவு எல்லாவற்றிலும் ஜோஸி இருக்கிறாள். பேசாமல் இருக்கிறாள். மனதில் இருந்ததும் அந்தப் பேசாமையில்தான் இருந்தது. எப்போது தொடங்கியது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. ஐஸ் வைத்த கையாக இருக்கலாம் என்று நான் சந்தேகப்படுகிறேன், ஆனால் நான் கொஞ்சம் அசட்டுப் பிசட்டு மனுஷி.

4.

எம்மெட்டுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. எட்டு வயதிலிருந்து அவன் வேண்டிக்கொண்ட ஒரே வரம். மேற்கே ரொம்பத் தூரத்தில், மொண்டானாவில், மலைப் பாதையில். பிக்கப்பின் பின்தட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்.

"திங்கக்கிழமை கெளம்பறேன்."

"மலை இருக்குமே!"

"இருக்கும். சுரங்கம், பாலம், எல்லாம்."

"அப்ப ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? போய் நல்ல படமா எடுத்து அனுப்பு."

"வேலையில இருக்கறப்ப எடுக்கக் கூடாதாம். சத்தமும் கூடாது."

"சரி, என்ன மாதிரி எவளாச்சும் தண்டவாளத்து ஓரமா நின்னா கையாவது ஆட்டு."

அவன் ரூட் பீர் டப்பாவை நசுக்கினான். நிமிர்ந்தான்.

"நான் போகட்டுமா, ஜோஸி?"

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவன் அப்படியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், எனக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடா கேள்வி இது? போகலன்னா நானே ஒதச்சு அனுப்புவேன்" என்றாள்.

சிரித்தான். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய், கழுத்தில் குளவி கொட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு ஆசை இல்லை, நம்புங்கள். போனால்தான் அவன் அவனாக இருப்பான். ஆனால் தெரியாமல் போகிறானே. எனக்கு உன்மேல் இவ்வளவு ஆசை என்று தெரியாமலே ஒருவன் மலையேறிவிடுகிறானே. சொன்னால் நின்றுவிடுவான். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் நெஞ்சு அடைக்கும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

5.

சனிக்கிழமை. கடைசி நாள். வழக்கமாக இருவரும் ஒரே பக்கம் நிற்பார்கள், கோபுரத்தின் அடியில். அங்கே சுவரில் மோதித் திரும்பும் சத்தம் அவனுக்கு உயிர்.

"இன்னிக்கு நான் அந்தப் பக்கம் போறேன். வெயில் அங்கதான் நல்லாருக்கு" என்றாள்.

"ஆறு வருஷமா இல்லாத வெயிலா?"

"கடசி நாளாச்சும் ஒழுங்கா ஒரு படம் எடுக்கறேனே."

"போ போ. நாற்காலிய எடுத்துக்கோ."

(இதை எழுதும்போதுதான் எனக்கே புரிந்தது. அவள் வெயிலுக்காகப் போகவில்லை. நடுவே ஒரு ரயில் வேண்டும் என்று போகிறாள்.)

அவள் தண்டவாளத்தைத் தாண்டும்போது அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"ஏய், சொல்ல மறந்துட்டேன். குளவி கொட்டின அன்னிக்கு எடுத்த சத்தத்த நேத்து திரும்பக் கேட்டேன்."

"அதுல என்ன இருக்கு?"

"ஒரு எடத்துல நீ மூச்ச இழுத்துப் பிடிக்கிற. ரயிலுக்கு அடியில கேக்குது."

"போடா! அவ்ளோ சத்தத்துலயா?"

"எனக்குக் கேக்குது" என்றான்.

அவள் இந்தப் பக்கம் வந்து நின்றாள். கேட் மணி அடித்தது. ஐஸ்கிரீமோடு ஒரு கார் வந்து நின்றது. அது நான். தெற்கே ஹார்ன்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். எம்மெட் மைக்கைத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். ஜோஸியும் பதிலுக்கு விரலை வைத்தாள்.

என்ஜின் நடுவே புகுந்தது. பத்துப் பெட்டி போனது.

அவள் கத்தினாள். ஆறு கோடையில் முதல்முறையாகச் சட்டத்தை மீறினாள். அவனுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் ரயிலுக்குப் பின்னால் நின்று கத்தினாள். ஆனால் மைக் ஓடாத நேரம் எவ்வளவோ இருந்ததே? அப்போது கத்தவில்லையே. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், என்னால் முடியவில்லை.

என்ன கத்தினாள் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதிப் பார்த்தேன். "எம்மெட், எனக்கு உன்ன—" என்று தொடங்கி நாலு விதமாக எழுதினேன், நாலும் சினிமாவாக இருந்தது. கேட்காததைக் கேட்டதாக எழுத எனக்கென்ன உரிமை?

அதனால் பெட்டிகளைச் சேர்த்தேன். சோளம் ஏற்றிய பெட்டி, எண்ணெய் டாங்கி, மறுபடி சோளம், கிறுக்கல் வரைந்த காலிப் பெட்டி. வண்டி ஓடுகிறவரை அவள் கத்தலாம், நானும் முடிவு எழுத வேண்டாம். ஒரு வரைவில் இந்த வண்டி முடிவதற்குள் எதிர்ப்பாதையில் இன்னொரு வண்டியையும் அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டிடும், விடு" என்றார். நியாயம். அந்த வண்டியை எடுத்துவிட்டேன்.

6.

முடிவுகள், என் மேஜையில் இருக்கிறபடி.

வண்டி போனதும் அவன் கேட்கிறான்: "ஏதாச்சும் சொன்னியா?" அவள்: "இல்லடா, கொசு." நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் நடக்கிறது. அதனாலேயே கிழித்தேன்.

அவன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான். வேலை வேண்டாம் என்கிறான். பிறகு விதைக்கடையில் மூட்டை தூக்குகிறான். ஐந்து வருஷம் கழித்து இதே கேட்டில் நின்று, அடுத்தவன் ஓட்டுகிற வண்டியைப் பார்க்கிறான். பாவம், அவனுக்கு இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஜோஸியும் என்னை மன்னிக்க மாட்டாள்.

மொண்டானாவில் பனி கொட்டுகிற ஒரு விடுமுறை நாள். அவன் சனிக்கிழமைப் பதிவைக் கேட்கிறான். பத்துப் பெட்டிக்கு அப்புறம் சத்தத்துக்கு அடியில் என்னவோ இருக்கிறது. திரும்பக் கேட்கிறான். திரும்ப. முகம்—

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வாரம் இதையே வைத்துக்கொண்டு கொஞ்சினேன். ஆனால் அவன் கேட்பதற்குள் இங்கே எத்தனை மாதம்? அத்தனை மாதமும் ஜோஸி ஹார்ன் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டு இருக்க வேண்டுமே. தூரத்தை வைத்துக் கதையை அழகாக்குவது சுலபம். ஏங்குகிறவளைக் கேட்டால் தெரியும்.

7.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கதை என்னை நகரவிடாததற்கு அதுதான் காரணம்.

கடைசிப் பெட்டி போனது. அதன் பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே போனது. கேட் ஏறியது. பின்னால் இருந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். நான் போக வேண்டிய வழி அந்தப் பக்கம். தண்டவாளத்தைத் தாண்டினேன். தாண்டியதும் அவனைப் பார்த்தேன்.

அவன் இன்னும் மைக்கை அணைக்கவில்லை. என் காரைப் பார்த்து, நில், சத்தம் போடாதே என்று ஒரு கையை நீட்டினான். ரயில் வடக்கே போய்விட்டது. தண்டவாளத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இரைச்சலும் அடங்கிவிட்டது. பதிவு செய்ய இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு கழியைப் பார்த்தேன். மைக் வடக்கே இல்லை. தண்டவாளத்துக்குக் குறுக்கே, நேராக, ஜோஸி நிற்கிற பக்கம் நீண்டிருந்தது.

நான் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன். லாரிக்காரர் என்னைத் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். ஜோஸி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடுவே வண்டி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் சோளம், அவ்வளவுதான்.

இப்போது அவள் சொன்னால் அவனுக்குக் கேட்கும். எனக்கும் கேட்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் கேட்கும். அவள் வாயைத் திறக்கிறாள். தயவுசெய்து காகிதத்தைப் புரட்டாதீர்கள். மைக் ஓடுகிறது, நானும் இனிப் பேசக் கூடாது.