தேநீருக்குச் சொன்ன பெயர்

கீழைக்கடல்மேல் எழுந்த பங்குனிக் கதிரவன் கழிநீரை வெள்ளியாய் உருக்கி, மரக்காணத்து உப்பளப் பாத்திகள்தோறும் தன் உருவை ஆயிரம் துண்டுகளாய் உடைத்துப் பரப்ப, வாரிக் குவித்த உப்பு வரப்பெங்கும் குட்டி மலைகளென நிமிர்ந்து ஒளிர்ந்த அக்காலையில், கற்றறிந்த அன்பரே, அத்தனை வெண்மைக்கும் நடுவே ஒரே ஒரு முகம் கறுத்திருந்தது. அது பங்குத்தந்தை சவரிராயருடையது.

பத்துத் தலைமுறைக்கு முன், மறை பரப்பியதற்காகத் தேடப்பட்ட மறைமுத்தடிகளை ஓர் உப்பளக் குடி ஒளித்து வைத்திருந்தது. பிடிபட்டவரைக் கொதிக்கும் பாத்தியில் மூன்று பகல் நிறுத்தி, சோறிட்ட வீடு எதுவெனக் காவலர் வினவினர். அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாலை அவர் தலை வீழ்ந்தது, அவ்வீடு பிழைத்தது. வெந்த அக்கால்களில் ஒருத்தி நன்னீர் வார்த்தாளாம். அதன் நினைவாக, ஆண்டுதோறும் திருநாளன்று பங்குத்தந்தை வெறுங்காலோடு பாத்தியைக் கடப்பதும், கரையேறியவர் காலில் அளத்துப் பெண்ணொருத்தி நன்னீர் வார்ப்பதும் முறையாயின.

அவ்வடிகளின் வரலாற்றை நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதி, வாங்குவார் இன்மையால் தாமே படித்துத் தாமே கண்ணீர் உகுப்பவர் சவரிராயர். "வாய் திறவாத வாயே!" என்று அவர் மேடையில் விளிக்கையில் ஒலிபெருக்கியே விம்மும்.

சென்ற திங்களில் உப்பு வாரும் தையல்நாயகி அவரிடம் வந்து, "நிழலும் இல்ல, குடிக்கத் தண்ணியும் இல்ல சாமி. குத்தகைக்காரருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. பேரு மட்டும் போடாதீங்க, வேலை போயிடும்" என்றாள். பெயரை மறைத்தவர் தம் தமிழை மறைக்க மறந்தார். 'கனலுமிழ் களர்நிலத்தே கண்ணீரே பருகிக் களைதீரும் ஏழையேம்' என்று தொடங்கிய அம்முறையீட்டைக் கண்ட குத்தகையாளர் பஞ்சநாதன், அன்று மாலையே அவரை அழைத்துக் காற்றாடியின்கீழ் அமர்த்தி, ஏலக்காய்த் தேநீர் நீட்டி, "ஃபாதர், மரக்காணத்துல ஏழையேம்னு எழுத உங்கள விட்டா ஆளு ஏது? யாரு எழுதச் சொன்னாங்க?" என்று சிரித்தவாறே கேட்டார். மிரட்டலில்லை, உரத்த குரலுமில்லை. கோப்பை காலியாகுமுன் சவரிராயர் பெயரைச் சொல்லிவிட்டார். மறுநாள் தையல்நாயகிக்கு அளத்தில் வேலை இல்லை.

இவ்வாண்டுத் திருநாளில் நீர் வார்க்கும் முறை அவளுடையது. உவர்நீர் தீண்டி எரிந்த கால்களோடு கரையேறியவர் முன் குடத்தோடு நின்றாள்.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான் சாமி. எங்ககூட அளத்துல நிக்கற அந்தப் பச்சமுத்துதான், மனு விசயம் அவனுக்குத்தான் தெரியும். அவன் மூஞ்சியில நாங்க யாரும் முழிக்கறதில்ல."

கூட்டத்துக்கு அப்பால், உடன் வேலை செய்வோர் ஒதுக்கிய பச்சமுத்து தனியே நின்றிருந்தான்.

"பச்சமுத்து அல்லன். நான்," என்றார் சவரிராயர். வாழ்நாளில் அவர் மொழிந்தவற்றுள் மிகச் சிறிய சொற்றொடர் அதுவே.

அவள் சாய்த்த குடத்தை நிமிர்த்தினாள்.

"அடிச்சாங்களா சாமி?"

"இல்லை."

"வெயில்ல நிக்க வெச்சாங்களா?"

"காற்றாடியின் கீழ் அமர்த்தினார். ஏலக்காய்த் தேநீர் தந்தார்."

"ஏலக்காயா! நமக்கு ஒரு நாளு வெறும் தண்ணி குடுத்திருப்பானா?" என்றாள் பின்னால் நின்ற குப்பம்மாள். எழுந்த சிரிப்பு உப்பினும் கடிதாய் எரித்தது. குடத்தைத் தையல்நாயகி தம்மேல் வீசியெறியமாட்டாளா என்று அவர் நெஞ்சு ஏங்கிற்று. அவளோ குனிந்து, ஒரு விரலும் விடாமல், முறைப்படி நீர் வார்த்தாள்.

"முறை முடிஞ்சுது. இப்ப பஞ்சநாதன்கிட்ட வாங்க. நீங்க எழுதினதுன்னு எங்க முன்னால சொல்லி, என் வேலையக் கேளுங்க. அதுக்கு முன்ன பச்சமுத்துகிட்ட ஒரு வார்த்தை."

"மறையுரை இருக்கிறதே..."

"அது கெடக்கட்டும் சாமி. நடங்க."

அவர் நடந்தார். அச்சம் நீங்கியதென்று எண்ணற்க. பிறர் இறப்பைப் புகழ்ந்தே பிழைத்த நாவுக்கு வீரம் ஒருநாளில் வாய்ப்பதில்லை. ஆயினும் வீரம் வாரா இடத்துக்கும் நாணம் வந்து சேர்கிறது. அதன் கைபற்றியேனும் மாந்தர் செல்லவேண்டிய வாயில்வரை சென்றுவிடுகின்றனர்.