தாமலுக்குப் போன பத்துக் குப்பி

ஐந்து நர்சிங் ஹோம்களின் மருந்தையும் ஒரே கிடங்கில் சேர்த்து, வாடகை வண்டிகளை ஒரே மேஜையிலிருந்து ஏவினால் எல்லாம் கடிகாரம் மாதிரி நடக்கும் என்று எங்கள் சென்னை மானேஜர் ஸ்ரீசரணுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த மேஜை என்னுடையது. சின்னக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கீழே கிடங்கு, மாடியில் நான். தொடக்க நாளாக அவர் குறித்தது கருட சேவையை. அவர் காலண்டரில் அது வெறும் திங்கட்கிழமை.

காலை எட்டு மணிக்கு தாமல் கிராமத்து நர்சிங் ஹோமிலிருந்து டாக்டர் தேவகி பேசினார்.

"வைதேஹி, அங்கம்மாள்னு ஒருத்தங்க. களத்துல கண்ணாடி விரியன் கடிச்சிருக்கு. இருந்த ரெண்டு குப்பியும் ஏத்திட்டேன். இன்னும் பத்து வேணும். ஈறுல ரத்தம் கசியுது."

கீழே கிடங்கில் விஷமுறிவு மருந்து அடுக்கடுக்காக இருந்தது. போன வாரம் வரை அதில் பெரும்பங்கு தாமலிலேயே இருந்தது. லேபிள் ஒட்டி, பெருமையாக வாரிக்கொண்டு வந்தவள் நானேதான்.

வாசலில் லட்சம் ஜனம். ஊருக்குள் ஒரு சைக்கிள்கூட நகரவில்லை. நகர்ந்தது ஒன்றே ஒன்று, கருடன் மேல் வந்துகொண்டிருந்த பெருமாள். பெரிய காஞ்சிபுரத்தில் கங்கைகொண்டான் மண்டபத்துக்கு அப்பால் எங்கள் வேன்காரர் துரைக்கண்ணு காத்திருந்தார். அதுவரை யார் கொண்டுபோவது?

"நான் ஓடறேம்மா," என்றார் எங்களுக்கு ஓட்டும் ஆட்டோக்காரர் கோதண்டபாணி. "இன்னா, தலையில வச்சுக்கினு ஓடிட்டா ஆச்சு."

பனிக்கட்டியோடு பத்துக் குப்பியைப் பெட்டியில் வைத்தால், மூடியின் கொக்கி உடைந்திருக்கிறது. கட்டக் கயிறு இல்லை. முந்தின நாள் தறிக்காரரிடம் வாங்கிய என் அரக்குப் பட்டுதான் கையில் இருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல். இறுக்கிக் கட்டி அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.

அங்கேதான் கூத்து. இந்த ஊரில் கருட சேவை அன்று ஒருவன் தலையில் சரிகைப் பட்டு சுற்றிய பெட்டியோடு வந்தால் அது என்ன? பெருமாளுக்கு வஸ்திரம். மூச்சு விட இடமில்லாத கூட்டம் பட்டென்று இரண்டாகப் பிளந்தது. "வஸ்திரம் வருது, வழி விடுப்பா" என்று நாலு பேர் முன்னால் ஓடினார்கள். நாதஸ்வரக்காரர்கள் ஒதுங்கினார்கள். மாடி ஜன்னலில் தொங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு நின்றது. கருடன் மேலிருந்த பட்டர் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிவிட்டார்.

"சாமி, மருந்து சாமி, தாமல்ல ஒரு பொம்பளையைப் பாம்பு கடிச்சிக்கீது," என்று கோதண்டபாணி கத்தினாராம்.

பட்டர் யோசிக்கவே இல்லையாம். பெட்டியைப் பெருமாள் திருவடியில் ஒரு தரம் வைத்து எடுத்தார். புடவையை உருவி, "இது தாயார் சன்னதிக்கு ஆகும்" என்று வைத்துக்கொண்டு, தன் மேல்துண்டால் பெட்டியைக் கட்டி, மேலே ஒரு துளசி மாலையையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இவருக்கு வழி விடுங்கோ, பெருமாள் உத்தரவு" என்றாராம். அதற்குப் பிறகு கோதண்டபாணி ஓடவே இல்லை. ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பெட்டியை மட்டுமல்ல, அவரையும்.

"வந்துட்டாரும்மா," என்று துரைக்கண்ணு புதுச் செல்போனில் கூவினார். "மாலை எல்லாம் போட்டுக்கினு மாப்பிள்ளை மாதிரி வந்துட்டாரு. கிளம்பிட்டேன்."

அப்புறம் நாலு மணி நேரம் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு தேவகி பேசினார். "ரத்தம் உறைய ஆரம்பிச்சிடுச்சு. அங்கம்மாள் டீ கேக்கறாங்க." நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, தெரு திறந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

மாலையில் ஸ்ரீசரண் கூப்பிட்டார். "திருவிழாவிலயும் ஒரு மணி நேரத்துல டெலிவரி. பார்த்தியா, எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சதோட பலன்." பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. "ஆமா, கிடங்குல விஷமுறிவு மருந்து ஒண்ணுகூட இல்லைன்னு ஃபேக்ஸ் அனுப்பியிருக்கியே?"

"அஞ்சு ஊருக்கும் பிரிச்சு அனுப்பிட்டேன் சார்."

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"தாமல் அங்கம்மாளைக் கேட்டு சார்," என்றேன்.