டீக்குப் போகச் சொன்னார்

தங்கச்சி மாப்பிள்ளை என்னை டீ குடிக்கப் போகச் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. நான் அவர் வீட்டுக்குப் போனால்கூட ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காத மனுஷன்.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க மச்சான். இங்க நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வாராம்! இந்தக் கிடங்கில் குளிர்சாதன கன்டெய்னர்களில் பழம் ஏற்றும் மேஸ்திரி அவர்; சரக்கைச் சோதிப்பவன் நான். இதற்கு முன் அனுப்பிய இரண்டு கன்டெய்னர் திராட்சையும் கப்பலிலிருந்து இறங்கும்போது பூஞ்சை பிடித்துக் கிடந்தது. இந்த முறையும் கெட்டால் மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலையில் தங்கை போனில் அழுதாள். "அண்ணா, அவர் வேலை போச்சுன்னா நாங்க எங்க போவோம்? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு."

அப்படித்தான் பார்த்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, குளிர் அறையில் சரியாகக் குளிராத பெட்டிகளை மச்சான் நடு வரிசையில் ஒளித்து அடுக்குகிறார் என்பது என் சந்தேகம். கன்டெய்னர் இருக்கிற குளிரைக் காப்பாற்றுமே தவிர, சூடான பழத்தைக் குளிர வைக்காது. போன இரண்டு முறையும், ஏற்றிச் சாத்திய கதவை நான் மறுபடி மறுபடி திறந்து பார்த்தபோது, பழத்தின் மேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. இன்றைக்கோ, ஏற்றி முடிக்கிறவரை மச்சான் என் முகத்தையே பார்க்கவில்லை.

டீக்கடைப் பக்கம் போவதுபோல் போய் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றேன். என் தலை மறைந்ததுமே மச்சான் அவசர அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழிட்டார். மாட்டிக்கொண்டார் என்று பாய்ந்தேன்.

"திறங்க. நடு வரிசையை வெளியில எடுங்க."

"வேணாம் மச்சான். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"ஒண்ணும் இல்லைன்னா ஏன் இப்படிப் பதறுறீங்க?"

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே பாதிப் பெட்டிகளை மேடையில் இறக்கினார்கள். உச்சி வெயில். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பழத்துக்குள் வெப்பமானியைக் குத்தினேன். எல்லாம் ஜில்லென்று இருந்தது. நடு வரிசை, கடைசி வரிசை, அடிப்பெட்டி, எதிலும் ஒன்றும் சிக்கவில்லை. நிம்மதி வருவதற்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

விடாமல், முதலில் குத்திய பெட்டியையே மறுபடி குத்தினேன். ஆறு டிகிரி ஏறியிருந்தது. பழத்தின் மேல் முத்து முத்தாக நீர்.

"பார்த்தீங்களா?" மச்சானின் குரல் உடைந்தது. "போன ரெண்டு தடவையும் இதேதான். நீங்க சும்மா சும்மா திறந்தீங்க, வெளிக்காத்து பட்டுப் பழம் வேர்த்துடுச்சு. பொண்டாட்டிக்கு அண்ணனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்காவது நிம்மதியாக் கதவைச் சாத்தலாம்னுதான் உங்களை டீக்கு அனுப்பினேன்."

திறந்து கிடந்த பெட்டியை அவசரமாக மூடினேன். அதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது.

"யாருய்யா இதையெல்லாம் வெளியில எடுக்கச் சொன்னது?"

மச்சான் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காலையிலிருந்து நான் அவரைப் பார்த்த பார்வைதான் அது.

"நான்தான் சார்," என்றேன். "முன்ன ரெண்டும் கெட்டதுக்கும் நான்தான் காரணம்."

பெட்டிகளைத் திரும்பக் குளிர் அறைக்குக் கொண்டுபோகச் சொன்ன முதலாளி, என்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். என் பையை எடுக்கப் போனேன். மச்சான் பின்னாலேயே வந்தார்.

"உண்மையைச் சொல்லிட்டீங்களே," என்றார், என்னை ஏற இறங்கப் பார்த்தபடி. "இதுல என்ன உள்குத்து மச்சான்?"