ஜெயமணியின் சிக்னல்

நானும் என் மனைவி ஜெயமணியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். எனக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் கியர் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் போக்குவரத்துக் காவலர். பெங்களூர் சாலையில் எந்நேரமும் லாரிகள் தேங்கி நிற்கும் ஒரு சிக்னலில் அவளுக்குப் பணி. வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். அதை ஒரு பெரிய விஷயமாக நாங்கள் நினைத்ததில்லை.

போன மார்கழியில் ஒரு காலை, பணியில் நிற்கும்போதே அவளுக்குத் தாடையும் இடது கையும் வலித்திருக்கின்றன. வாயுப் பிடிப்பு என்று பொறுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தக் குளிரிலும் அவள் வியர்த்து ஊற்றுவதைப் பார்த்த ஏட்டு பெருமாள்தான் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாரடைப்பு. அன்றே அடைபட்ட குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் வந்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர், எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். சொன்னேன்.

"இதனாலதான்னு ஒருத்தர வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புகையில இருக்கிற நுண்தூசி நுரையீரலோட நிக்கிறதில்ல. ரத்தத்துல கலந்து ரத்தக்குழாயையும் கெடுக்குது. காத்து கெட்ட ஊர்கள்ல மாரடைப்புச் சாவு கூடுதுன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது" என்றார்.

புகை என்றால் இருமல் வரும் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அன்று பயந்துபோனேன். இனி ரோட்டில் நிற்க வேண்டாம், ஆபீஸ் வேலை கேள் என்றேன். இன்ஸ்பெக்டரும் தானாகவே கட்டுப்பாட்டு அறை வேலை தருவதாகச் சொன்னார். விடுப்பு முடிந்ததும் அவரைப் பார்க்க இருவரும் போனோம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள உக்காந்து வேல பாக்கேன், சார். ஆனா என் எடத்துல நாளைக்கு வேற ஒரு ஆளு நிக்கும்லா? முழு ஷிப்டும் அந்தப் புகையிலயே நிக்க விடாதீங்க. மாத்தி மாத்தி நிக்கட்டும். எல்லாருக்கும் நெஞ்சு டெஸ்ட் எடுக்கணும்" என்றாள்.

ஆள் பற்றாக்குறை என்றார் அவர்.

"ஆளு செத்துப்போனா இன்னும் பத்தாதுல்லா, சார்."

அவர் பணிப் பட்டியலை எடுத்து முன்னால் விரித்தார். மறு மாதமே பணிமுறை மாறியது. இதயப் பரிசோதனை முகாமும் நடந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று நழுவப் பார்த்த பெருமாளை ஜெயமணிதான் விடாப்பிடியாக அழைத்துப்போனாள். அவருக்கு மூன்று குழாய்களில் அடைப்பு இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து தேறிய பிறகு, மாம்பழப் பருவத்தில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு கூடைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். "உன்னைய நான் ஜீப்புல ஏத்துனேன். நீ என்னைய இழுத்துக்கிட்டுப் போயி காப்பாத்திட்டம்மா" என்றார். ஜெயமணி பழம் நறுக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கட்டுப்பாட்டு அறையிலும் அவள் சும்மா உட்காரவில்லை. கேமராவில் பார்த்து, சிக்னலில் சிவப்பு விழும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லி அங்குள்ள ஒலிபெருக்கியில் அவளே பேசத் தொடங்கினாள். தமிழில் மட்டும் சொன்னால் லாரிக்காரர்களில் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது என்று கன்னடமும் தெலுங்கும் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் எங்கள் கம்பெனி பஸ் அந்த சிக்னலில் நின்றது. "எஞ்சின் ஆஃப் மாடி" என்று கன்னடத்தில் அவள் குரல் வந்தது. எங்கள் டிரைவர் சாவியைத் திருப்பினார். முன்னால் நின்ற லாரியும் அடங்கியது. எல்லோரும் நிறுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரைச்சல் சட்டென்று குறைந்ததை உணர முடிந்தது.

பக்கத்தில் இருந்த, என்னோடு வேலை பார்க்கும் பாகலூர் ஆஞ்சப்பன் சிரித்தார். "யாருப்பா இது, கன்னடத்த திருநெல்வேலி மாதிரி பேசுறது?"

"என் வீட்டுக்காரி" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.